பாதை பல, படி ஒன்று: மின்னூலகச் சேவையகங்களில் பல்வழிச் சேமிப்பகத் தொடக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழாய்வுக்கு அடிப்படையான மூலநூல்களில் பெரும்பகுதி இன்று மின்வடிவில் கிடைக்கிறது. மின்தொகுப்புகளை வழங்கும் சேவையகங்கள் தடையின்றி இயங்குவதற்குக் கையாளப்படும் ஏற்பாடுகளுள் ஒன்று பல்வழிச் சேமிப்பகத் தொடக்கம். சேவையகம் தன் இயங்குதளத்தைத் தனித்து நிற்கும் சேமிப்பகத்திலிருந்து, பிணையத்தின் வழியே, ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் பெற்று எழுவதே இவ்வேற்பாடு. இதன் இயங்குமுறையைத் திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்திற்கும் திருவரங்கத்திற்கும் இடைப்பட்ட வழிகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பாதைகள் பலவாதல் வேறு, படிகள் பலவாதல் வேறு என்பதையும், முன்னதைப் பின்னதாகக் கொள்வது மூலநூல் இழப்பிற்கு இடந்தரும் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பல்வழி, பிணையச் சேமிப்பகம், சேவையகம், முன்தொடக்கப் படிமம், அடையாள எண், படி, மின்னூலகம்.

முன்னுரை

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகமாகப் பெயர் மாறிய நிறுவனத்தின் மின்னூலகம், 2005இல் இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கெனத் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம் ஆகியவை தமிழாய்வாளரின் அன்றாடக் கருவிகளாகிவிட்டன. ஓலைச்சுவடியையோ அச்சுநூலையோ கையாளும் ஆய்வாளர், அது எங்கே வைக்கப்பட்டுள்ளது, எத்தனைப் படிகள் உள்ளன, எப்படி நேர்ந்தது எப்படி என்னும் வினாக்களை எழுப்பாமல் இருப்பதில்லை. மின்னூலை எடுத்தாளும்போது அவ்வினாக்கள் எழுவது அரிது. திரையில் தோன்றுவது எங்கிருந்து வருகிறது என்பது தொழில்நுட்பத்தாரின் பொறுப்பு என விட்டுவிடப்படுகிறது.

பல்கலைக்கழகத் துறைகளும் நூலகங்களும் தம் சுவடிகளை மின்மயமாக்கும் இந்நாளில் இம்மனநிலை தொடர்வது நல்லதன்று. மின்மயமாக்கத் திட்ட முன்மொழிவுகளில் 'இரட்டை இணைப்பு', 'பல்வழிச் சேமிப்பகம்', 'தடையற்ற இயக்கம்' ஆகிய தொடர்கள் இடம்பெறுகின்றன. அவற்றைப் படிக்கும் ஆய்வாளர், தம் சுவடிகள் இரண்டிடத்தில் காக்கப்படுகின்றன எனப் பொருள்கொள்ள வாய்ப்புண்டு. அத்தொடர்கள் அப்பொருளைத் தருவனவல்ல. அவை உண்மையில் எதைக் குறிக்கின்றன என்பதை அறியப் பல்வழிச் சேமிப்பகத் தொடக்கத்தின் அமைப்பை ஒருமுறை முழுமையாகப் பார்ப்பது பயன்தரும்.

சொல்லும் பொருளும்

'மல்ட்டிபாத்' என்னும் சொல்லைத் தமிழில் 'பல்வழி' எனல் பொருந்தும். பன்மொழி, பன்முகம், பன்னாடு என்பவற்றை ஒட்டிப் 'பன்வழி' என எழுதத் தோன்றலாம். லகர ஈற்றின் முன் மெல்லினம் வருமிடத்து லகரம் னகரமாகத் திரியும். இடையினம் வருமிடத்து இயல்பாக நிற்கும். பல்வகை, பல்வேறு என்பன போலப் பல்வழி என்பதே இலக்கணத்திற்கு இயைந்த வடிவம்.

'பூட்' என்பது 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் குறுக்கம். காலணியில் தைக்கப்பட்ட வாரைப் பற்றித் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ளுதல் என்னும் இயலாச் செயலைச் சுட்டிய வழக்கிலிருந்து அச்சொல் கணினித் துறைக்கு வந்தது. நிரலை நினைவகத்தில் ஏற்றுவதற்கு ஒரு நிரல் தேவை. அந்நிரலை ஏற்றுவது எது என்னும் முரண் அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. 'தொடக்கம்' என்னும் தமிழ்ச்சொல் எளிமையானது; ஆயினும் அம்முரணை அது காட்டுவதில்லை. இக்கட்டுரையின் நடுப்பகுதியில் விளக்கப்படும் சிக்கல் அம்முரணின் மறுவடிவமே.

'படி' என்பது இங்குச் சுவடியியலில் வழங்கும் பொருளிலேயே ஆளப்படுகிறது: மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டு, மூலம் அழிந்தபின்னும் தனித்து நிற்கவல்ல பிரதி.

சத்திரம் பேருந்து நிலையமும் திருவரங்கமும்

திருவரங்கம் தெற்கே காவிரியும் வடக்கே கொள்ளிடமும் சூழ்ந்த தீவு. மலைக்கோட்டைக்கு அருகிலுள்ள சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து அங்குச் செல்லும் நகரப் பேருந்துகள் சிந்தாமணிக்கும் மாம்பழச் சாலைக்கும் இடையே 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தைக் கடக்கின்றன. பழுதுநீக்கும் பணிக்காக அப்பாலம் 2022ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டு 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் பேருந்துகள் சென்னை நெடுஞ்சாலைப் பாலத்தின் வழியே சுற்றித் தீவை அடைந்தன. பயணநேரம் கூடியது, நெரிசல் மிகுந்தது. எனினும் திருவரங்கம் துண்டிக்கப்படவில்லை. சென்று சேரும் இடம் ஒன்றாகவும் அதற்கான வழி ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருந்தமையே காரணம். பல்வழி அமைப்பின் பயன் முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கும்.

தீவின் வடபுறம் வேறொரு பாடத்தைத் தருகிறது. கொள்ளிடத்தில் 1928இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம், அதன் அருகிலேயே புதிய பாலம் பயன்பாட்டிற்கு வந்தபின் போக்குவரத்திற்கு மூடப்பட்டது. 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. புதிய பாலம் நின்றது, போக்குவரத்தும் தொடர்ந்தது. ஆயினும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பாலங்களையும் ஒரே வெள்ளமே தாக்கும். பாதைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பாதுகாப்பை அளவிட இயலாது. அவை ஒரே கேட்டிற்கு உட்பட்டனவா என்பதும் நோக்கத்தக்கது.

சேவையகம் எழும் முறை

மின்சாரம் பாய்ந்தவுடன் சேவையகத்தின் தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள் முதலில் இயங்கும். அது நினைவகத்தையும் வன்பொருள்களையும் சோதித்தபின், எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பதைத் தனக்குத் தரப்பட்ட வரிசைப்படி தேடும். வட்டில் காணப்படும் தொடக்க ஏற்றி என்னும் சிறு நிரலை ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும். லினக்ஸ் சேவையகங்களில் இப்பணியைப் பெரும்பாலும் 'க்ரப்' என்னும் ஏற்றி செய்கிறது. அது இயங்குதளத்தின் கருவையும், அதனோடு 'இனிட்ராம்எஃப்எஸ்' எனப்படும் சிறிய தற்காலிகக் கோப்பமைப்பையும் நினைவகத்தில் ஏற்றும். இத்தற்காலிகக் கோப்பமைப்பு இக்கட்டுரையில் முன்தொடக்கப் படிமம் எனப்படுகிறது. கரு இயங்கத் தொடங்கியதும் அப்படிமத்திலுள்ள கருவிகளைக் கொண்டு உண்மையான மூலக் கோப்பமைப்பு இருக்கும் வட்டைக் கண்டறிந்து இணைக்கும். அதன்பின் படிமத்தின் பணி முடிந்து, முழு இயங்குதளம் பொறுப்பேற்கும்.

வட்டு சேவையகத்தின் உள்ளேயே இருக்குமாயின் இவ்வரிசையில் இடர் குறைவு. பெருந்தரவு மையங்களில் அவ்வட்டைச் சேவையகத்திலிருந்து பிரித்துப் பொதுச் சேமிப்பகத்தில் வைப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. சேவையகத்தின் வன்பொருள் பழுதடைந்தால், வேறொரு சேவையகத்திற்கு அதே வட்டுப் பகுதியை ஒதுக்கி, அதே இயங்குதளத்தோடு எழச் செய்யலாம். வட்டுகளைத் தனித்தனியே பேணுவதற்கு மாறாக ஓரிடத்தில் பேணலாம். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் அதன் அந்நேரத்து நிலையைச் சேமிப்பகத்திலேயே பதிவுசெய்துகொள்ளலாம். இவற்றின் விலை, சேவையகம் எழுவதற்கே பிணையம் இன்றியமையாததாகிவிடுதல்.

பிணையச் சேமிப்பகம்

சேமிப்பகத்தோடு பேசுவதற்கு இரண்டு முறைகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று 'ஃபைபர் சேனல்'. இதில் சேமிப்பகத்திற்கெனத் தனிப் பிணையமும் தனி இணைப்பட்டைகளும் தனிச் சுவிட்சுகளும் உண்டு. ஒவ்வோர் இணைப்பட்டைக்கும் 64 பிட் நீளமுள்ள உலகளாவிய பெயர் தரப்பட்டிருக்கும். மற்றொன்று 'ஐஸ்கசி'. வட்டுக்கான கட்டளைகளை வழக்கமான இணைய நெறிமுறைப் பிணையத்திலேயே பொதிந்து அனுப்பும் இம்முறை 2004இல் இணையத் தரநிலையாக வெளியிடப்பட்டு, 2014இல் திருத்தித் தொகுக்கப்பட்டது. இதற்கு ஒதுக்கப்பட்ட துறை எண் 3260. சாதாரணப் பிணையக் கருவிகளே போதுமாதலால் செலவு குறைவு. கல்வி நிறுவனங்களுக்கு ஏற்றது.

கேட்கும் பக்கம் 'இனிஷியேட்டர்' எனவும் தரும் பக்கம் 'டார்கெட்' எனவும் வழங்கப்படும். சேமிப்பகம் தன் வட்டுகளைத் தொகுத்து, அவற்றிலிருந்து தருக்க அலகுகளைப் பகுத்து, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட சேவையகத்திற்கு ஒதுக்கும். தொடக்கத்திற்கு உரிய அலகு ஒரே ஒரு சேவையகத்தின் கண்ணுக்கு மட்டுமே தெரியவேண்டும். இரண்டு சேவையகங்கள் ஓர் அலகைத் தமதெனக் கருதி ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பமைப்பு சிதைந்துவிடும்.

நான்காகத் தோன்றும் ஒன்று

சேவையகத்தில் இரண்டு இணைப்பட்டைகள், இடையே இரண்டு சுவிட்சுகள், சேமிப்பகத்தில் இரண்டு கட்டுப்படுத்திகள் என்பது வழக்கமான அமைப்பு. ஒவ்வோர் இணைப்பட்டையும் ஒரு சுவிட்சோடும், ஒவ்வொரு சுவிட்சும் இரு கட்டுப்படுத்திகளோடும் இணைக்கப்படும். எனவே சேவையகத்திலிருந்து ஓர் அலகை அடைய நான்கு பாதைகள் உண்டாகின்றன.

இங்குதான் முதற்சிக்கல் எழுகிறது. இயங்குதளத்தின் கரு, பாதையைப் பார்க்கிறதேயன்றிப் பாதையின் முடிவிலுள்ள பொருள் ஒன்றே என்பதை உணர்வதில்லை. நான்கு பாதைகளில் ஓர் அலகு தெரிந்தால் நான்கு வட்டுகள் இருப்பதாகக் கொண்டு நான்கு பெயர்களை இடும். ஸ்ரீரங்கம், திருவரங்கம், அரங்கம் எனப் பல பெயர்களால் வழங்கும் ஓரூரை, பெயர்களை மட்டும் கொண்டு ஊர்ப்பட்டியல் வகுப்பவர் மூன்று ஊர்களாக எண்ணுவதைப் போன்றது இது.

இதனைத் தீர்ப்பது அடையாள எண். ஒவ்வொரு தருக்க அலகிற்கும் சேமிப்பகம் மாறாத எண் ஒன்றை வழங்கியிருக்கும். எந்தப் பாதையில் சென்று 'நீ யார்' எனக் கேட்டாலும் அந்த அலகு அதே எண்ணைத் தரும். லினக்சின் பல்வழி நிரல் நான்கு பாதைகளிலும் இவ்வினாவை எழுப்பி, ஒரே விடை வந்த பாதைகளை ஒன்றாகக் கட்டி, அவற்றின்மேல் புதிய சாதனம் ஒன்றைப் படைக்கும். இயங்குதளத்தின் பிற பகுதிகள் அப்புதிய சாதனத்தையே பயன்படுத்தவேண்டும். அடியிலுள்ள நான்கு பெயர்களுள் ஒன்றை நேரடியாகக் கையாளும் பகுதி ஏதேனும் இருப்பின், அப்பாதை அறும்போது அப்பகுதி நின்றுவிடும். ஏனைய மூன்று பாதைகள் நலமாக இருந்தும் பயனில்லை.

சுவடிப் பட்டியல் தொகுப்போர்க்கு இந்நெறி புதிதன்று. நூற்பெயர் வேறுபட்டாலும் தொடக்கமும் முடிவும் உள்ளடக்கமும் ஒத்தவற்றை ஒரே நூலின் கீழ்க் கொணர்வதும், பெயர் ஒத்திருந்தும் பொருள் வேறுபட்டவற்றைப் பிரிப்பதும் பட்டியலாக்கத்தின் அடிப்படைப் பணிகள். பெயரை நம்பாது உள்ளிருக்கும் அடையாளத்தை நாடுதல் இரண்டிற்கும் பொது.

முன்தொடக்கப் படிமம் என்னும் முடிச்சு

தரவுக்கு மட்டும் பல்வழி அமைப்பது ஒப்பீட்டளவில் எளிது. இயங்குதளம் முழுமையாக எழுந்தபின், பல்வழி நிரல் இயங்கி, அமைவுக் கோப்பைப் படித்து, பாதைகளைக் கட்டும். இயங்குதளமே அந்தப் பல்வழி அலகில் இருக்கும்போது நிலைமை மாறுகிறது. பல்வழி நிரலும் அதன் அமைவுக் கோப்பும் வட்டில் உள்ளன. வட்டை முறையாக அடைய அந்நிரலும் அக்கோப்பும் முன்னரே தேவை. பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி இருக்கும் நிலை இது. காலணி வாரைப் பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளும் பழைய முரண் மீண்டும் தோன்றுகிறது.

முன்தொடக்கப் படிமத்தினுள் மூன்று பொருள்களை முன்கூட்டியே வைப்பதால் இம்முடிச்சு அவிழ்கிறது. அவை இணைப்பட்டைக்குரிய இயக்கி, பல்வழி நிரல், அமைவுக் கோப்பும் அடையாள எண்களின் பட்டியலும் ஆகும். ஐஸ்கசி முறையாயின், சேமிப்பகத்தின் முகவரியையும் அலகின் எண்ணையும் நிலைபொருள் ஓர் அட்டவணையாக நினைவகத்தில் எழுதிவைக்கும். கரு அவ்வட்டவணையைப் படித்து, நிலைபொருள் தொடங்கிய இணைப்பைத் தானும் தொடரும்.

படிமத்திலுள்ள அமைவுக் கோப்பு, வட்டிலுள்ள மூலக்கோப்பின் படியெடுப்பு. மூலத்தைத் திருத்தினால் படி தானே திருந்துவதில்லை. நிருவாகி ஒருவர் புதிய பாதைகளைச் சேர்த்து, மூலக்கோப்பைத் திருத்தி, இயங்கும் சேவையகத்தில் அனைத்தும் சரியாக இருப்பதைக் கண்டு நிறைவடையலாம். படிமத்தை மறுபடி உருவாக்காவிடில், அடுத்த முறை சேவையகம் எழும்போது பழைய படியே பயன்படும். அச்சேவையகம் பல மாதங்கள் நிறுத்தப்படாமலே இயங்கக்கூடும். ஆகவே பிழை நேர்ந்த நாளுக்கும் அது வெளிப்படும் நாளுக்கும் இடையே நீண்ட காலம் கழிகிறது. திருந்திய பதிப்பு வந்தபின்னும் பழைய பதிப்பின் பிழை பாடநூல்களில் தொடர்வதற்கு இது ஒப்பாகும்.

அமைக்கும் வரிசை

முதலில், சேமிப்பகத்தில் தொடக்க அலகை உருவாக்கி, சேவையகத்தின் இரு இணைப்பட்டைகளுக்கும் அதனை ஒதுக்கவேண்டும். இரண்டாவதாக, நிலைபொருளின் தொடக்க வரிசையில் இரு இணைப்பட்டைகளையும் வெவ்வேறு கட்டுப்படுத்திகளையும் சேர்க்கவேண்டும். நிலைபொருள் பாதைகளை ஒன்றாகக் கட்டுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு பாதையையே கையாளும். முதற்பாதை கிட்டாதபோது அடுத்ததை நாட, அது வரிசையில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மூன்றாவதாக, இயங்குதளத்தை நிறுவும்போதே பல்வழிச் சாதனத்தைத் தேர்ந்து, அதில் நிறுவவேண்டும். நான்கு பெயர்களுள் ஒன்றில் நிறுவலாகாது. நான்காவதாக, அமைவுக் கோப்பில் இந்த அலகின் அடையாள எண்ணும் பாதைத் தேர்வு முறையும் சரியாக உள்ளனவா எனக் கண்டு, முன்தொடக்கப் படிமத்தை மறுபடி உருவாக்கவேண்டும்.

இறுதிப் பணி சோதனை. இயங்கிக்கொண்டிருக்கும் சேவையகத்தில் ஒரு வடத்தைக் கழற்றிப் பார்ப்பது பாதிச் சோதனையே. ஒவ்வொரு பாதையையும் முறையே துண்டித்து, சேவையகத்தை முற்றிலும் நிறுத்தி, எஞ்சிய பாதைகளில் அது எழுகிறதா எனக் காண்பதே முழுச் சோதனை. எழும்போது நிலைபொருள், ஏற்றி, படிமம் ஆகிய மூன்று கட்டங்களும், எழுந்தபின் பல்வழி நிரலும் தனித்தனியே மாற்றுப்பாதையை அறிந்திருக்கவேண்டும். ஒரு கட்டத்தின் அறிவு மற்றொரு கட்டத்திற்குப் பயன்படாது.

வழி அறுந்தபின்

நான்கு பாதைகளையும் ஒருசேரப் பயன்படுத்துவது எப்போதும் ஏற்றதன்று. பல சேமிப்பகங்களில் ஓர் அலகிற்கு உரிமையுடைய கட்டுப்படுத்தி ஒன்று. மற்றொன்றின் வழியே சென்றால் வேலை நடக்கும், எனினும் சுணங்கும். ஆகவே பாதைகளை முன்னுரிமைப்படி இரு குழுக்களாக்கி, முதற்குழு முழுவதும் அறும்போது மட்டும் இரண்டாம் குழுவை நாடுமாறு அமைப்பர். பல்வழி நிரல் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பாதையையும் சோதித்து, அறுந்ததை விலக்கும், மீண்டதைச் சேர்க்கும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது நுட்பமான முடிவு. ஐஸ்கசி இணைப்பு அறும்போது அதை மீட்க லினக்ஸ் இயல்பாக 120 நொடிகள் காத்திருக்கும். வேறு பாதைகள் உள்ளபோது இக்காத்திருப்பு வீண். சில நொடிகளாகக் குறைத்தால் வேலை உடனே மாற்றுப்பாதைக்குச் செல்லும். ஒரே பாதையில் இயங்கும் சேவையகமாயின் நேர்மாறாக, அக்காத்திருப்பை 86,400 நொடிகள், அதாவது ஒரு நாள் முழுவதும், நீட்டுவது வழக்கம். போக வேறு வழி இல்லாதபோது பொறுத்திருப்பதே சரி. வழி இருக்கும்போது பொறுத்திருத்தல் தவறு.

எல்லாப் பாதைகளும் அறுந்தால் இரண்டில் ஒன்றைத் தேரவேண்டும். எழுதவேண்டியவற்றை வரிசையில் நிறுத்திப் பாதை மீளும்வரை காத்திருக்கச் செய்யலாம்; அப்போது சேவையகம் உறைந்தது போல நிற்கும், பாதை மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அல்லது உடனே பிழை எனத் திருப்பலாம். அப்போது கோப்பமைப்பு தன்னைக் காத்துக்கொள்ளப் படிக்க மட்டும் இயலும் நிலைக்கு மாறும், இயங்குதளம் தடுமாறும். முதல் தேர்வு தரவின் ஒழுங்கைக் காக்கிறது. இரண்டாவது, பழுதை விரைந்து வெளிப்படுத்துகிறது.

பல்வழியின் எல்லை

இதுகாறும் விளக்கப்பட்ட ஏற்பாடு முழுவதும் ஒரே அலகை அடையும் வழிகளைப் பற்றியது. நான்கு பாதைகளும் சென்று சேர்வது ஓரிடம். அவ்விடத்தில் உள்ளது அழிந்தால் நான்கு பாதைகளும் ஒன்றுபோல வெறுமையையே காட்டும். 'அழி' என்னும் தவறான கட்டளையும், சரியான கட்டளையைப் போலவே, நன்கு இயங்கும் பாதையில் விரைந்து சென்று சேரும். சேமிப்பகத்தின் உள்ளே வட்டுகளை இரட்டிப்பது வட்டின் பழுதிலிருந்து காக்கும். தவறான கட்டளையிலிருந்தும் தீயிலிருந்தும் காப்பதில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு இதனை மெய்ப்பிக்கின்றன. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்து மீத்திறன் கணினியின் சேமிப்பகத்தில், காப்புப்படி எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத்தரவு அழிந்தது. அது 14 ஆய்வுக்குழுக்களுக்கு உரியது. சேமிப்பகமும் அதற்கான பாதைகளும் பழுதின்றி இருந்தன. அழிப்பதற்கு வந்த கட்டளையை அவை பிழையின்றி நிறைவேற்றின. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் ஏற்பட்ட தீயில், அரசு அலுவலர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் அளவிலான சேமிப்பகம் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியிடத்தில் வேறு படி வைக்கப்படவில்லை.

ஒரே படி எரிந்தால் என்னாகும் என்பதைத் தமிழுலகம் மின்காலத்திற்கு முன்பே அறிந்துள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்தவை மீண்டும் சேகரிக்கப்பட்டன. படி இல்லாதவை மீளவில்லை. அந்நூலகத்திற்குச் செல்லும் சாலைகள் எத்தனை என்பது அன்று பொருளற்றதாயிற்று.

மறுபுறம், படிகள் பலவாக இருந்தமையே சங்க இலக்கியமும் காப்பியங்களும் அச்சேற அடிப்படையாயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஊர்களில் சிதறிக் கிடந்த சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஒரு சுவடியில் செல்லரித்த இடம் மற்றொன்றில் வாசிக்கக் கிடைத்தது. எந்த மடமும் எந்த வீடும் தடையற்ற வழியைக் கொண்டிருக்கவில்லை. தேடிச் செல்ல நாள்கள் பல ஆயின. வழிகள் அரியனவாக இருந்தும் படிகள் பலவாக இருந்தமையால் நூல் பிழைத்தது.

இந்நெறியை மின்னுலகில் பின்பற்றுவோரும் உளர். 1999இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் தொடங்கிய 'லாக்ஸ்' திட்டம், ஒரே இதழின் மின்படிகளைப் பல நூலகங்கள் தனித்தனியே வைத்து, அவ்வப்போது ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பிழையைத் திருத்திக்கொள்ளும் முறையை வகுத்தது. சுவடி ஒப்பீட்டின் தானியங்கி வடிவம் அது எனலாம். மதுரைத் திட்டம் தன் கோப்புகளின் முகப்புப் பகுதியை மாற்றாமல் எவரும் பிறருக்கு வழங்கலாம் என இசைவு தந்துள்ளது. பகிர்வுக்கான அவ்விசைவு பாதுகாப்புக்கான ஏற்பாடாகவும் அமைந்துவிட்டது. உலகெங்கும் தனியார் கணினிகளில் அந்நூல்களின் படிகள் இருப்பதால், ஒரு சேவையகத்தின் இழப்பு நூலின் இழப்பாகாது.

ஆய்வாளர் எழுப்பவேண்டிய வினாக்கள்

சுவடிகளையோ அரிய நூல்களையோ மின்மயமாக்கத் தரும் துறையும் தனியரும் ஐந்து வினாக்களுக்கு எழுத்துவழி விடை பெறுதல் நலம். சேமிப்பகத்திற்கான பாதைகள் எத்தனை, அவை ஒரே மின்வழங்கலையும் ஒரே வடக்குழாயையும் சார்ந்தனவா என்பது முதல் வினா. ஒவ்வொரு பாதையையும் துண்டித்துச் சேவையகம் மறுபடி எழுகிறதா என இறுதியாகச் சோதித்த நாள் எது என்பது இரண்டாவது. தனித்து நிற்கும் படிகள் எத்தனை என்பது மூன்றாவது. பாதைகளின் எண்ணிக்கை இதற்கு விடையாகாது. அப்படிகளுள் ஒன்றேனும் வேறோர் ஊரில், வேறு வகை ஊடகத்தில், வேறு நிருவாகியின் பொறுப்பில் உள்ளதா என்பது நான்காவது. அப்படியிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்த்து மூலத்தோடு ஒப்பிட்ட நாள் எது என்பது ஐந்தாவது. மீட்டுப் பார்க்கப்படாத காப்புப்படி, பிரித்துப் பார்க்கப்படாத சுவடிக்கட்டினைப் போன்றது. உள்ளே ஏடு உள்ளதா பொடி உள்ளதா என்பது தெரியாது.

முதலிரண்டு வினாக்கள் தொடர்ச்சியைப் பற்றியன. இன்று நூல் கிடைக்கிறதா என்பதற்கு விடை தருவன. பின் மூன்றும் நிலைபேற்றைப் பற்றியன. நாளை நூல் இருக்குமா என்பதற்கு விடை தருவன. நிதி ஒதுக்கீட்டில் முன்னவையே பெரிதும் கவனம் பெறுதற்குக் காரணம் உண்டு. பாதை அறுந்தால் அன்றே புகார் எழும். படி இல்லாமை, இழப்பு நேரும்வரை எவர் கண்ணிலும் படுவதில்லை.

முடிவுரை

பல்வழிச் சேமிப்பகத் தொடக்கம், பாதை ஒன்று அறுந்தாலும் சேவையகம் எழுந்து இயங்குவதற்கான செம்மையான ஏற்பாடு. பெயரால் பலவாகத் தோன்றுவதை அடையாள எண்ணால் ஒன்றென அறிதல், அவ்வறிவை முன்தொடக்கப் படிமத்திலேயே வைத்தல், மூலம் திருந்தும்போதெல்லாம் படிமத்தையும் புதுப்பித்தல், ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே சோதித்தல் ஆகிய நான்கும் அதன் அடிப்படைகள். காவிரிப் பாலம் மூடப்பட்ட மாதங்களில் சத்திரத்திலிருந்து புறப்பட்டவர் திருவரங்கத்தை அடைந்ததைப் போல, வாசகர் நூலை அடைவதை அது உறுதிசெய்கிறது. நூல் அழியாதிருப்பதை உறுதிசெய்வது அதன் பணியன்று. அதற்குப் படிகளே வேண்டும்.

'பல்வழி' என்னும் சொல்லைப் 'பல படிகள்' என வாசிக்கும் பிழை நீங்குமானால், மின்மயமாக்கத் திட்டங்களை மதிப்பிடும் பொறுப்பைத் தமிழாய்வாளர் முழுமையாக ஏற்கலாம். படிகளை எண்ணவும், ஒப்பிடவும், அவற்றின் வரலாற்றைத் தொடரவும் பயின்ற துறைக்கு அப்பொறுப்பு புதியதன்று.